நிறுத்தி வைத்த கார்... தானாக இறங்கும் பேட்டரி... கரண்ட்டைத் திருடுவது யார்? புது பேட்டரி வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்!

அரியக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை என செட்டிநாட்டுப் பக்கம் போனால் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்க ஒருத்தர். ஷெட்டில் துணி போர்த்தி நிறுத்தின ஒரு கார்.

பிள்ளையார் நோன்பு, கோயில் திருவிழா, கல்யாணம், அறுபதாம் கல்யாணம்னு குடும்பம் ஊருக்கு வரும். திருச்சியிலோ மதுரையிலோ இறங்கி வீடு வந்து சேர்ந்து, காரின் சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. உடனே மெக்கானிக்குக்கு போன். "பேட்டரி டெட் சார், மாத்திடலாம்". சின்ன காருக்கே சில ஆயிரம் ரூபாய் காலி. இரண்டு மாதம் கழித்து வந்தால் மறுபடியும் அதே 'டிக்'.

இது வெறும் பணச் செலவு மட்டும் இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயசான அப்பா அம்மா மட்டும் கிராமத்தில் இருக்கும் வீடுகளில் அந்த கார்தான் நள்ளிரவு அவசரத்துக்கு இருக்கும் ஒரே வண்டி. அது எப்போதாவதுதான் ஓடும். தேவைப்படும் நேரத்தில் ஓடாமலும் போகும்.

நிறுத்தி வைத்த காரில் பேட்டரி ஏன் இறங்குகிறது? குற்றவாளி பேட்டரியா, காரா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

கார் தூங்கினாலும் கரண்ட் தூங்காது!

சாவியை எடுத்துவிட்டால் கார் முழுசாக அணைந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கடிகாரம் ஓட வேண்டும். ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும். திருட்டு அலாரம் விழித்திருக்க வேண்டும். ரேடியோ தன் ஸ்டேஷன்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். கனெக்டட் கார் என்றால் உள்ளே இருக்கும் இ-சிம், டவருடன் தொடர்பில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சேர்த்து நின்றிருக்கும் கார் இழுக்கும் கரண்ட் பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி ஆம்பியர். ரொம்பச் சின்ன அளவு. ஆனால் 24 மணி நேரமும், நாள் தவறாமல் இழுத்தால்? சிறு துளி பெருவெள்ளம்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். சின்ன கார்களில் பரவலாக இருப்பது 35 ஏ.எச். பேட்டரி. ஒரு ஆம்பியர் கரண்ட்டை 35 மணி நேரம் கொடுக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசிச் சொட்டு வரை இறங்கிய பிறகு செல்ஃப் மோட்டார் சுற்றாது. பாதிக்குக் கீழே போனாலே சந்தேகம்தான். அதனால் நம் கையில் இருப்பது சுமார் 17.5 ஏ.எச்.

* 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்: ஒரு நாளைக்கு 0.48 ஏ.எச். பாதியாகச் சுமார் 36 நாள்.
* 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்: ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். பாதியாகச் சுமார் 15 நாள்.
* கால் ஆம்பியர் இழுக்கும் டேஷ்கேம் ஓடிக்கொண்டே இருந்தால்: ஒரு நாளைக்கு 6 ஏ.எச். பாதியாக மூன்றே நாள்.
* டிக்கியில் 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால்: ஒரு நாளைக்கு சுமார் 10 ஏ.எச். பாதியாக இரண்டு நாள்கூட ஆகாது.

இது புது பேட்டரிக்கான கணக்கு. மூன்று, நாலு வருஷம் ஓடிய பேட்டரியில் இருப்பு இதைவிடக் குறைவு.

இந்தக் கணக்கு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. இரண்டு மாதம் நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். அது இயல்பு. ஆனால் சனிக்கிழமை நிறுத்தி திங்கட்கிழமை ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

பேட்டரிக்குள் என்ன நடக்குது?

பேட்டரி ஆராய்ச்சி என்றால் நாட்டிலேயே முக்கியமான இடம் ஒன்று அரியக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது 'சிக்ரி'. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஈய அமில பேட்டரியில் இருந்து லித்தியம் அயான் வரை அங்கே ஆராய்ச்சி நடக்கிறது.

நம்ம காரில் இருப்பது பெரும்பாலும் அந்த ஈய அமில பேட்டரிதான். ஈயத் தகடுகள், நீர்த்த கந்தக அமிலம், ஆறு செல்கள். கரண்ட் கொடுக்கக் கொடுக்கத் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படியும். சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழையபடி மாறிவிடும். ஆனால் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு இறுகிப் படிகமாகிவிடும். அப்புறம் சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. இதைத்தான் சல்ஃபேஷன் என்கிறார்கள்.

அதாவது, பேட்டரி இறங்கியதால் கார் நிற்கிறது. கார் நிற்பதால் பேட்டரி சாகிறது. ஒவ்வொரு தடவை முழுசாக இறங்கும்போதும் அதன் ஆயுள் கொஞ்சம் கழிகிறது.

இதில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். எதுவுமே இணைக்காமல் தனியாக வைத்தாலும் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இறக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சிவகங்கை மாவட்டத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் தகர ஷெட்டுக்குள் நிற்கும் காரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஏன் இப்போ இந்தப் புகார் அதிகம்?

அம்பாஸடர், பிரீமியர் பத்மினி காலத்தில் நின்ற வண்டி இழுக்க என்ன இருந்தது? அதிகபட்சம் ஒரு கடிகாரம். இன்றைய காரில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. காரைப் பூட்டிய பிறகு இவை ஒவ்வொன்றாகத் தூங்கப் போக வேண்டும். ஒன்று தூங்காமல் முழித்துக்கொண்டிருந்தாலும், அது மற்றதையும் எழுப்பிவிடும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 2022 பிப்ரவரி 22-ல் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 3ஜி சேவையை மூடியது. 3ஜி மோடம் வைத்திருந்த சில சுபாரு கார்கள் இல்லாத டவரை விடாமல் தேடிக்கொண்டே இருந்தன. விளைவு, நிறுத்திய இடத்திலேயே பேட்டரி காலி. கிராமத்தில் டவர் கிடைக்காத இடத்தில் நம்ம போனில் சார்ஜ் வேகமாக இறங்குமே, அதே கதைதான். இதற்கு முன்பே, 2015 முதல் 2020 வரையிலான சில சுபாரு மாடல்களில் பேட்டரி இறங்குவதாக நியூஜெர்சியில் உரிமையாளர்கள் கூட்டு வழக்கு போட்டு, அது சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவிலும் கதை உண்டு. எலெக்ட்ரிக் காருக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவு திறக்க, கம்ப்யூட்டர்களை எழுப்ப அதுதான் வேண்டும். பெரிய பேட்டரியில் இருந்து அதற்கு சார்ஜ் கொடுக்கும் கருவியில் கோளாறு வரலாம் என்று 2024 ஜூனில் ஹூண்டாய் 1,744 அயானிக் 5 கார்களையும், அடுத்த மாதம் கியா 1,138 இவி6 கார்களையும் இந்தியாவில் திரும்ப அழைத்தன. பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும், சின்ன பேட்டரி இறங்கினால் கார் அசையாது.

2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கு இந்தப் பிரச்னையை எல்லார் வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் நின்ற கார்களுக்கு என்ன செய்யலாம் என்று கார் கம்பெனிகளே குறிப்புகள் வெளியிட்டன. ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் கார்களுக்கு வருஷம் முழுக்க ஊரடங்குதான்!

சந்தேக வளையத்தில் மூன்று பேர்

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பேட்டரியைக் கை காட்டுவது சுலபம். ஆனால் விசாரிக்க வேண்டியது மூன்று பேரை.

1. பேட்டரி: சார்ஜைத் தாங்கவில்லை.
2. ஆல்டர்னேட்டர்: நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'டைனமோ' என்பார்கள். ஓடும்போது சரியாக சார்ஜ் ஏற்றவில்லை.
3. கார்: நிற்கும்போது அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது.

முதல் இரண்டையும் பார்க்காமல் மூன்றாவதைத் தேடினால் நேரம் வீண். மூன்றையும் பார்க்காமல் பேட்டரியை மாற்றினால் பணம் வீண். ஓட்டைக் குடத்தில் எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது.

தேவையானது ஒரு டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், ஒரு 10-ம் நம்பர் ஸ்பேனர். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்கே மீட்டர் கிடைக்கும்.

சோதனை 1: பேட்டரி நல்லா இருக்கா?

முதலில் கண்ணால் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? கிளாம்ப் கையால் அசைத்தால் ஆடுகிறதா? பாதிக் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும். வயரைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் அந்தப் பூப்பு போய்விடும். துடைத்துக் காயவிட்டு, திரும்ப மாட்டி இறுக்கி, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மூடி திறக்கும் பேட்டரி என்றால் சோடாத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. அமில மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் வேண்டாம்.

அடுத்து வோல்டேஜ். கார் அணைந்து சில மணி நேரம் கழித்து மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள்.

* 12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்
* 12.4: முக்கால்வாசி
* 12.2: பாதி
* 12.0: கால்வாசி
* 11.9-க்குக் கீழே: கிட்டத்தட்ட காலி

இப்போது முக்கியமான சோதனை. சார்ஜர் போட்டு முழுசாக ஏற்றி, சில மணி நேரம் விட்டு ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மைனஸ் வயரைக் கழற்றி இரவு முழுக்க விடுங்கள். காரோடு தொடர்பே இல்லாத நிலையிலும் காலையில் 12.6 என்பது 12.2-க்கு இறங்கியிருந்தால், திருடன் வெளியே இல்லை. பேட்டரியேதான். ஒரு செல் போயிருக்கலாம். மாற்றத்தான் வேண்டும்.

அப்படியே நின்றால், வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. அதற்கு மேலேயே நின்றால் பேட்டரி மேல் பழி போட முடியாது.

சோதனை 2: டைனமோ சார்ஜ் ஏத்துதா?

என்ஜின் ஓடும்போது அதே இடத்தில் அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.7-க்கும் இடையில் இருந்தால் பொதுவாகச் சரி. ஹெட்லைட், ஏசி போட்டும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போதும் 12.4-லேயே நின்றால் டைனமோவையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். சில புது மாடல்களில் எரிபொருளை மிச்சம் பிடிக்க சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

சோதனை 3: நிற்கும்போது எவ்வளவு இழுக்குது?

இதுதான் உண்மையான திருடனைப் பிடிக்கும் சோதனை. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

* பானட்டைத் திறந்து வையுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும் பக்கத்துக் கதவையும் திறந்து, அதன் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி 'மூடிய' நிலைக்குக் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து கார் தூங்காது. சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்தப் பூட்டை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.
* எல்லாவற்றையும் அணைத்து, காரைப் பூட்டி, ரிமோட் சாவியைக் காரில் இருந்து தள்ளி வீட்டுக்குள் வையுங்கள். சாவி பக்கத்திலேயே இருந்தால் சில கார்கள் அதோடு பேசிக்கொண்டே இருக்கும்.
* மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, டிசி ஆம்பியரில் வையுங்கள்.
* பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். கார் இழுக்கும் கரண்ட் எல்லாம் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும்.
* உடனே எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வயரைக் கழற்றி மாட்டியதில் கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கும். சில ஆம்பியர் வரை காட்டும். 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருங்கள். படிப்படியாகக் குறையும்.

கடைசியில் மீட்டர் 0.02 முதல் 0.05-க்குள் நின்றால் கார் நிரபராதி. 0.1-ஐத் தாண்டி நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது. 0.4 என்றால் ஏதோ ஒரு பல்பு எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

கசிவு எந்த வழியில் என்று கண்டுபிடிக்க, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, அந்த வழிதான். மூடியின் உள்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். உருவியதை அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதலிலேயே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா ஃபியூஸையும் பார்த்தும் எண் விழவில்லையா? டைனமோவுக்குள் இருக்கும் டையோடு பழுதாகியிருக்கலாம். அது பேட்டரியோடு தடிமனான வயரில் இணைந்திருப்பதால் சாதாரண ஃபியூஸ் எதிலும் மாட்டாது. இதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் அவரிடம் இருந்தால் வயரையே கழற்றாமல் பார்த்துவிடுவார்.

இதை மட்டும் செய்யாதீங்க!

* மீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு பிளஸ்ஸையும் மைனஸையும் நேராகத் தொடக் கூடாது. ஷார்ட் ஆகும்.
* மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவி போடவோ, ஸ்டார்ட் செய்யவோ, ஹெட்லைட் போடவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.
* கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.
* பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.
* எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கையே போகக் கூடாது. அவை உயர் மின்னழுத்தம். சர்வீஸ் சென்டரில்தான் பார்க்க வேண்டும்.

அடிக்கடி மாட்டும் திருடர்கள்

வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம்தான் முக்கியமான சந்தேகப் புள்ளி. எப்போதும் கரண்ட் வரும் வயரும், சாவி போட்டால் மட்டும் வரும் வயரும் மாறி இணைந்திருந்தால், சிஸ்டம் அணைந்தது போலத் தெரியும். உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆம்பிளிஃபயர் வைத்திருந்தால் இன்னும் அதிகம்.

அடுத்து டேஷ்கேம். 'பார்க்கிங் மோடு' ஆன் ஆகியிருந்தால் ஷெட்டுக்குள் இருக்கும் சுவரை வாரக்கணக்கில் படம் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஜிபிஎஸ் டிராக்கரும் அப்படித்தான். டவர் வீக்கான இடத்தில் சிக்னல் தேடித் தேடியே கரண்ட்டைத் தின்னும். டாக்ஸியாக ஓடும் வண்டிகளில் 2019 முதல் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்பதால், சீசன் இல்லாமல் நிற்கும் டிராவல்ஸ் வண்டிகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

டிக்கி லைட், டேஷ்போர்டு பெட்டி லைட், கண்ணாடி லைட். மூடினால் அணைந்ததா என்று எப்படித் தெரியும்? போனில் வீடியோ ஆன் செய்து உள்ளே வைத்து மூடுங்கள். அரை நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். வீடியோவில் இருட்டு இருக்க வேண்டும்.

ஒட்டிக்கொண்ட ரிலேவும் உண்டு. கார் அணைந்த பிறகும் ஏதோ ஒரு ஃபேனோ பம்ப்போ ஓடும் சத்தம் கேட்டால் இதுதான்.

எலிகளை மறந்துவிடக் கூடாது. பழைய வீடு, தோட்டம், நெல் மூட்டை இருக்கும் இடத்தில் நிற்கும் காரின் பானட்டுக்குள் எலி குடும்பமே நடத்தும். கடித்த வயர் பாடியில் உரசினால் கரண்ட் கசியும். சில நேரம் தீப்பிடிக்கவும் செய்யலாம்.

'வாரம் ஒரு தடவை 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோமே?'

பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்கு உதைக்கிறது.

50 மில்லி ஆம்பியர் இழுக்கும் காரில் ஒரு வாரத்துக்கு 8.4 ஏ.எச். போயிருக்கும். ஐடிலில் டைனமோ மெதுவாகத்தான் சுற்றும். 5 நிமிடத்தில் திரும்ப வருவது அதில் சொற்பம். பேட்டரியும் தண்ணீர்த் தொட்டி மாதிரி வேகமாக நிரம்பாது. மெல்ல மெல்லத்தான் ஏற்கும். ஆக, ஒவ்வொரு வாரமும் வரவைவிடச் செலவு அதிகம். அரியக்குடியில் இருந்து காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வரை போய் வருவதுகூட முழுசாக ஈடு செய்யாது. வாரம் ஒரு தடவை முக்கால் மணி நேரமாவது ரோட்டில் ஓட்டினால் பலன் உண்டு. டயர், பிரேக்குக்கும் நல்லது.

அப்போ என்னதான் செய்யறது?

ஒரு வாரம், பத்து நாள் நிறுத்தினால்: நல்ல பேட்டரி என்றால் ஒன்றும் வேண்டாம். டேஷ்கேம், சார்ஜர் பிளக் இவற்றை உருவிவிட்டால் போதும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால்: முழு சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றி, அது டெர்மினலைத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். அடிக்கடி கழற்ற வேண்டியிருந்தால் டெர்மினலில் மாட்டும் கட்-ஆஃப் ஸ்விட்ச் இருக்கிறது. திருகினால் போதும், வீட்டில் இருக்கும் யாரும் செய்யலாம். ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். கடிகாரம், ரேடியோ, பவர் விண்டோ செட்டிங் போகலாம். அலாரம் வேலை செய்யாது. ரிமோட்டில் கதவு திறக்காது. எனவே சாவித் துவாரத்தில் அசல் சாவி வேலை செய்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். புஷ் பட்டன் கார் என்றால் மேனுவலைப் படித்துவிட்டுக் கைவையுங்கள்.

அவசரத்துக்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்றால்: முழு சார்ஜ் ஆனதும் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜரை மாட்டி வைக்கலாம். வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல வழி. கூடவே ஒரு ஜம்ப் கேபிளும் டிக்கியில் இருக்கட்டும்.

ஜம்ப் ஸ்டார்ட் வரிசை: சிவப்பு கேபிள் முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை இறங்கிய காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். எடுக்கும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, முயற்சி வேண்டாம். உயிருக்கு அவசரம் என்றால் காரோடு மல்லுக்கட்டாமல் 108-ஐ அழையுங்கள்.

மாற்றித்தான் ஆகணும்னா...

வாரண்டி இருக்கும் பேட்டரியைக் கொண்டுபோனால், முதலில் சார்ஜ் போட்டு டெஸ்ட் செய்வார்கள். வெறுமனே சார்ஜ் இறங்கிய பேட்டரி, உற்பத்திக் குறை இல்லை என்று திரும்பி வரலாம். அதனால்தான் மேலே சொன்ன சோதனைகளின் எண்களை எழுதி வைத்திருப்பது முக்கியம். புதுசு வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். கடையில் பல மாதம் கிடந்தது ஏற்கெனவே பாதி களைத்திருக்கும். வாரண்டி கார்டில் தேதி, சீல் இல்லாமல் கடையை விட்டு வராதீர்கள். நியாயமான வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பழைய பேட்டரியைத் தெருவோரப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். உடைத்து உருக்கும் இடத்தில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் நஞ்சு அது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதுசு வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் விலையும் குறையும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய மூணு நம்பர்

அடுத்த தடவை "பேட்டரி போச்சு" என்று யாராவது சொன்னால், மூன்று எண்களைக் கேளுங்கள். ஒன்று, முழு சார்ஜ் ஏற்றி ஒரு ராத்திரி கழற்றி வைத்த பிறகு எத்தனை வோல்ட்? இரண்டு, என்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட்? மூன்று, கார் தூங்கிய பிறகு எத்தனை மில்லி ஆம்பியர்?

புது கார் டெலிவரி எடுக்கும்போதும் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கலாம். மைலேஜ் எவ்வளவு, டிக்கி எவ்வளவு பெரிசு என்று கேட்கிறோம். நிற்கும்போது எவ்வளவு குடிக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. மாதக்கணக்கில் ஊரில் நிறுத்தப் போகிற காருக்கு இதுவும் மைலேஜ் மாதிரியான விஷயம்தான்.

மூன்று எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தாலே, மாற்ற வேண்டியது பேட்டரியையா, டைனமோவையா, இல்லை வெறும் டிக்கி லைட் ஸ்விட்சையா என்று தெரிந்துவிடும்.